சிகிச்சையைத் தொடங்குவதா, இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பதா?

நீலவானம்

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இப்போதுதான் எழுதுகிறேன். எனக்கு 33 வயது, கணவருக்கு 36. ஒரு வருடத்துக்கு மேலாகக் குழந்தைக்கு முயற்சி செய்கிறோம். இதுவரை நாள் தள்ளிப் போனதே இல்லை. பீரியட்ஸ் 31லிருந்து 33 நாளுக்குள் ஒழுங்காக வந்துவிடும்.

போன வாரம் டாக்டரைப் பார்த்தோம். ஒரு ஸ்கேன், கொஞ்சம் ரத்தப் பரிசோதனை. முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். என்ற அளவு 1.2 என்று வந்தது. "முட்டை இருப்பு குறைவு, தாமதிக்காதீர்கள், அடுத்த மாதமே ஐ.யு.ஐ. தொடங்கிவிடலாம்" என்றார். வெளியே வந்ததும் கணவர், "ஊசி மருந்தெல்லாம் இப்போதே எதற்கு, இன்னும் ஆறு மாதம் பார்ப்போமே" என்கிறார். டாக்டர் பேசும்போது அவர் பக்கம் நியாயம் தெரிகிறது, கணவர் பேசும்போது இவர் பக்கம். இதே இடத்தில் நின்றவர்கள் எப்படி முடிவெடுத்தீர்கள்?

இரண்டாம்கோடு

வாங்க நீலவானம். முதலில் ஒரு கேள்வி. உங்கள் கணவருக்கு விந்தணு பரிசோதனை எடுத்தார்களா? உங்களுக்குச் சினைக்குழாய் திறந்திருக்கிறதா என்று பார்த்தார்களா? நீங்கள் எழுதியதில் இரண்டும் இல்லை.

ஐ.யு.ஐ. என்றால் விந்துவைக் கழுவி, நன்றாக ஓடுகிற அணுக்களைப் பிரித்து, மெல்லிய குழாய் வழியாகக் கருப்பைக்குள் விடுவது. அவ்வளவுதான். அங்கிருந்து சினைக்குழாய்க்குள் நீந்திப் போய் முட்டையைச் சேர்வது அணுவின் பாடு. இரண்டு குழாயும் அடைத்திருந்தால் எத்தனை முறை ஐ.யு.ஐ. செய்தாலும் பலன் இருக்காது. அணு மிகக் குறைவாக இருந்தாலும் ஏறக்குறைய அதே கதைதான். இதெல்லாம் தெரியாமல் அடுத்த மாதமே தொடங்கலாம் என்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இன்னொன்று, பரிசோதனை வேறு, சிகிச்சை வேறு. உங்கள் கணவர் சிகிச்சையை மட்டும் தள்ளிப்போடச் சொன்னால் யோசிக்கலாம். பரிசோதனையையும் சேர்த்துத் தள்ளிப்போடச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெண்ணுக்கு 35 வயதுக்குள் என்றால் ஒரு வருடம் முயன்ற பிறகு, 35 ஆகிவிட்டால் ஆறு மாதத்தில், 40 தாண்டியிருந்தால் உடனே பரிசோதனை என்பது பொதுவான வழக்கம். பீரியட்ஸ் தாறுமாறாக வந்தாலோ, அந்த நாட்களில் உயிர்போகிற வலி இருந்தாலோ, முன்பு அடிவயிற்றில் அறுவை சிகிச்சையோ தொற்றோ இருந்தாலோ இந்தக் காலக் கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம், நேராகப் போய்விடலாம்.

நீலவானம்

இரண்டுமே எடுக்கவில்லை. அவரைப் பற்றி டாக்டர் கேட்கவே இல்லை, வயதை மட்டும் எழுதிக்கொண்டார். கூட வந்தவர் பக்கத்து நாற்காலியில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அப்புறம் நாள் கணக்கு பற்றியும் கேட்க வேண்டும். பீரியட்ஸ் தொடங்கியதிலிருந்து 14ஆம் நாள் முட்டை வெளிவரும் என்று ஆப்பில் காட்டுகிறது. அதை ஒட்டி 12, 13, 14 ஆகிய நாட்களில் பார்த்துக்கொள்கிறோம். சரிதானே?

கணக்குப்பிள்ளை

இல்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி இதற்குள்தான் இருக்கிறது.

14ஆம் நாள் என்பது 28 நாள் சுழற்சிக்கான கணக்கு. முட்டை வெளிவந்ததிலிருந்து அடுத்த பீரியட்ஸ் வரையுள்ள காலம் பெரும்பாலானவர்களுக்குச் சுமார் 14 நாள். ஆளுக்கு ஆள் நீள்வதும் குறைவதும் முக்கியமாக அதற்கு முந்தைய பகுதிதான். ஆக, உங்களுக்கு 32 நாள் என்று வைத்தால் முட்டை வெளிவருவது 18ஆம் நாள் வாக்கில் இருக்கும். 1995இல் வெளியான ஓர் ஆய்வு இதை நன்றாகக் காட்டியது: கரு தங்க வாய்ப்புள்ள நாட்கள் மொத்தம் ஆறு, முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முந்தைய ஐந்து நாட்களும். அணு உள்ளே ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கும். முட்டைக்கோ ஒரு நாள்தான் ஆயுள். அதனால் முந்திக்கொள்வதில் தப்பில்லை, பிந்தினால்தான் போச்சு.

உங்களுக்கு அந்த ஆறு நாள் ஏறத்தாழ 13இல் தொடங்கி 18இல் முடியும். நீங்கள் 14இலேயே நிறுத்திவிடுகிறீர்கள். வாய்ப்பு அதிகமாக இருக்கும் கடைசி இரண்டு மூன்று நாட்கள் பெரும்பாலான மாதங்களில் கையை விட்டுப் போயிருக்கின்றன. காலண்டரில் ஒரு வருடம் ஓடியிருக்கிறது. ஆனால் அதை முழு ஒரு வருட முயற்சியாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

நாள் எண்ணவே வேண்டாம் என்றால் இன்னும் எளிது. சுழற்சி முழுவதும் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை சேர்ந்திருந்தால் எந்த ஆறு நாளாக இருந்தாலும் அதற்குள் வந்துவிடும்.

இரண்டாம்கோடு

முட்டை வெளிவரப்போவதைச் சிறுநீரில் பார்த்துக் கோடாகக் காட்டும் ஓவுலேஷன் கிட் வைத்தும் பார்க்கலாம். கோடு அழுத்தமாக வந்த பிறகு சுமார் 24லிருந்து 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும். நீர்க்கட்டிப் பிரச்சினை இருப்பவர்களுக்கு மட்டும் அது அடிக்கடி பொய் சொல்லும்.

ஆனால் அந்தக் கோட்டை எங்கள் வீட்டில் பார்த்த விதத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் ஒரு தரம், ட்யூப்லைட் அடியில் ஒரு தரம், போன் கேமராவில் பெரிதாக்கி ஒரு தரம். "இது அதைவிட அழுத்தமா இல்லையா சொல்லுங்க" என்று நானும், "ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியுது" என்று அவரும். கடைசியில் அன்றைக்குச் சண்டைதான் நடக்கும்.

அமைதிவிரும்பி

தோழி, இவ்வளவு யோசித்தால் எப்படி நிற்கும்? டென்ஷனை விடுங்கள். எங்காவது பத்து நாள் ஊர் சுற்றிவிட்டு வாருங்கள், தானாக நடக்கும். எனக்குத் தெரிந்த மூன்று பேருக்கு அப்படித்தான் நின்றது.

நீலவானம்

நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறீர்கள், புரிகிறது. ஆனால் "ஏதாவது விசேஷம் உண்டா" என்று கேட்பவர்களைவிட "நீ ரிலாக்ஸா இருந்தா வந்துடும்" என்பவர்களிடம்தான் எனக்கு அழுகை வருகிறது. வராததற்கும் நான்தான் காரணம் என்று ஆகிவிடுகிறது இல்லையா?

கணக்குப்பிள்ளை

சுற்றுலா போகட்டும், நல்லதுதான். ஆனால் மனக்கவலை கருவைத் தடுக்கிறது என்பதற்குப் பெரிய ஆதாரம் கிடையாது. 2011இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள். சிகிச்சைக்கு முன்னால் அதிகக் கவலையோடு இருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் அந்தச் சுற்றில் கரு தங்கியதில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஊர் சுற்றிவிட்டு வந்தும் நிற்காதவர்கள் அதை யாரிடமும் சொல்வதில்லை, அதனால் நம் காதுக்கு நின்ற கதை மட்டும் வருகிறது.

இப்போது முக்கியமான கணக்கு. 40 வயதுக்குள் உள்ள பெண், முறையாகச் சேர்ந்திருக்கும் தம்பதி என்று எடுத்துக்கொண்டால், நூற்றில் 80க்கு மேற்பட்டவர்களுக்கு முதல் வருடத்தில் கரு தங்குகிறது. மீதியுள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இரண்டாம் வருடத்தில். முதல் வருடத்தில் தங்கவில்லை என்பதால் எல்லாம் முடிந்துவிட்டது என்று ஆகாது. அதே நேரம், முதல் மாதம் இருந்த வாய்ப்பு பதின்மூன்றாம் மாதத்திலும் அப்படியே இருக்காது. சுலபமாக நிற்கக்கூடியவர்கள் முன்னாலேயே வரிசையிலிருந்து போய்விடுகிறார்கள், மிச்சமிருப்பவர்களில் ஏதோ ஒரு தடை உள்ளவர்களின் பங்கு கூடிக்கொண்டே வருகிறது. காத்திருப்பு நீள நீள "இன்னும் பார்ப்போம்" என்பதன் மதிப்பு குறைவது இதனால்தான்.

எப்போது காத்திருப்பது லாபம், எப்போது நஷ்டம் என்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த இரண்டு ஆய்வுகள் உண்டு. ஒன்று நெதர்லாந்தில் நடந்தது, 2006இல் வெளியானது. பரிசோதனையில் காரணம் எதுவும் தெரியாத தம்பதிகள், அடுத்த ஒரு வருடத்தில் இயற்கையாகவே கரு தங்க 30லிருந்து 40 சதவீத வாய்ப்பு இருப்பவர்கள். பாதிப் பேருக்கு ஆறு மாதம் முட்டையைத் தூண்டும் ஊசியோடு ஐ.யு.ஐ., மற்றவர்கள் ஆறு மாதம் சும்மா வீட்டில் முயற்சி. சிகிச்சை எடுத்தவர்களில் 23 சதவீதம், சும்மா இருந்தவர்களில் 27 சதவீதம் பேருக்குக் கரு தங்கி வளர்ந்தது. அதாவது அந்தக் குழுவுக்கு ஐ.யு.ஐ. எதையும் கூட்டிக் கொடுக்கவில்லை.

இன்னொன்று நியூசிலாந்தில் நடந்தது, 2018இல் வெளியானது. இவர்களுக்கும் காரணம் தெரியாது, ஆனால் இயற்கையான வாய்ப்பு 30 சதவீதத்துக்கும் கீழே. மூன்று சுற்று மாத்திரையோடு ஐ.யு.ஐ. எடுத்தவர்களில் 31 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. காத்திருந்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான்.

சிகிச்சை ஏறக்குறைய ஒன்றேதான், யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் முடிவு தலைகீழாக மாறுகிறது. ஆகவே சிகிச்சை நல்லதா, இயற்கை நல்லதா என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. "எங்கள் இருவருக்கும் அடுத்த ஒரு வருடத்தில் தானாக நிற்க எத்தனை சதவீத வாய்ப்பு?" என்று டாக்டரிடம் கேளுங்கள். பெண்ணின் வயது, எவ்வளவு காலமாக முயற்சி, முன்பு ஒரு முறையாவது கரு தங்கியதா, அணுக்களின் ஓட்டம் எப்படி என்பதை வைத்து அதைக் கணிக்க வாய்ப்பாடு இருக்கிறது. அதற்கும் அணு ரிப்போர்ட் வேண்டும்.

லேப்காரன்

அணு ரிப்போர்ட் என்ற பேச்சு வந்துவிட்டதால் நான் உள்ளே வருகிறேன். பல வருடமாக லேப்பில் இந்த வேலைதான்.

நீலவானம், உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், இந்த ஒரு பரிசோதனைக்குத்தான் ஊசி கிடையாது. இரண்டு முதல் ஏழு நாள் வரை இடைவெளி விட்டுப் போக வேண்டும். கப் கொடுப்போம், மூடியிலும் கப்பிலும் பெயர் எழுதியிருக்கும், எடுத்த நேரத்தைக் குறிக்க வேண்டும். இதில் ஒரே ஒரு விஷயம், முதலில் வரும் பகுதி கீழே சிந்திவிட்டால் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அணுக்கள் அதில்தான் அதிகம். வெட்கப்பட்டுக்கொண்டு மீதியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள், ரிப்போர்ட்டில் எண்ணிக்கை குறைவாக வரும், வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆகிவிடும். லேப்பில் எடுக்கக் கூச்சமாக இருந்தால் வீட்டிலும் எடுக்கலாம், ஒரு மணி நேரத்துக்குள் உடல் சூட்டிலேயே கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

2021இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட அளவுகளின்படி கீழ் வரம்பு: ஒரு மில்லிக்கு 16 மில்லியன் அணுக்கள், ஓட்டம் மொத்தம் 42 சதவீதம், சரியான வடிவம் 4 சதவீதம். இந்த 4ஐப் பார்த்துவிட்டு "நூற்றுக்கு 96 கெட்டதா?" என்று கவுண்டரிலேயே தலையில் கை வைக்காதவர் குறைவு. நான்கு இருந்தாலே போதும் சார். வரம்புக்குக் கீழே வந்தாலும் குழந்தையே பிறக்காது என்று அர்த்தமில்லை. ஒரே ரிப்போர்ட்டை வைத்து முடிவு கட்டவும் கூடாது. ஓர் அணு உருவாகி முதிர இரண்டரை மாதம்போல ஆகும். போன மாதம் கடும் காய்ச்சல் வந்திருந்தால் அது இப்போதைய ரிப்போர்ட்டில் தெரியும். குறைவாக வந்தால் கொஞ்ச காலம் விட்டு மறுபடி எடுக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், ஜிம்முக்குப் போகும் ஆண்கள் காதில் போட்டுக்கொள்ளுங்கள். உடம்பு ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டால் ஆண்மை கூடும் என்று நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. வெளியிலிருந்து ஹார்மோன் வந்துவிட்டதால், விரைக்கு மூளை அனுப்பும் கட்டளை நின்றுவிடுகிறது. அணு உற்பத்தியும் நின்றுவிடும், சிலருக்குப் பூஜ்யத்துக்கே போகும். ஊசியை நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பி வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். டாக்டர் கேட்காவிட்டாலும் இதை நீங்களே சொல்லிவிடுங்கள்.

முப்பத்தெட்டு

எல்லோரும் கணக்கு போடுகிறீர்கள், நானும் ஒன்று போடுகிறேன். எனக்கு 38. கணக்குப்பிள்ளை சொல்லும் "ஆறு மாதம் காத்திருந்தாலும் நஷ்டமில்லை" என்பது 30, 32 வயதுக்குச் சரி. என் வயதில் ஆறு மாதம் என்பது வேறு ஆறு மாதம்.

ஐ.வி.எஃப். இருக்கிறதே, அதாவது முட்டையை வெளியே எடுத்து லேப்பில் அணுவோடு சேர்த்து, வளர்ந்த கருவை உள்ளே வைப்பது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். ஐ.வி.எஃப். அடைத்த குழாயைத் தாண்டிவிடும், குறைந்த அணுவையும் சமாளிக்கும். முட்டையின் வயதை அதனால் குறைக்க முடியாது. சொந்த முட்டையில் செய்யும்போது, 35 வயதுக்குள் ஒரு கரு வைத்தால் குழந்தை பிறக்கும் வாய்ப்பு நல்ல மையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று. 40ஐத் தாண்டினால் அது வேகமாகச் சரிந்து, 43, 44இல் நூற்றுக்கு ஐந்து அளவில் வந்து நிற்கிறது. கருச்சிதைவு வாய்ப்பும் வயதோடு ஏறுகிறது. இரண்டு மூன்று பிள்ளைகள் வேண்டும் என்று ஆசை இருந்தால் முதல் பிள்ளைக்கான முடிவை இன்னும் முன்னால் எடுக்க வேண்டும். இதையெல்லாம் யாரும் முகத்துக்கு நேராகச் சொல்வதில்லை.

நான் ஐ.யு.ஐ.யைத் தாண்டி நேராக ஐ.வி.எஃப். போனேன். ஊசி நானே வயிற்றில் போட்டுக்கொண்டேன், இரண்டாம் நாளிலேயே பழகிவிட்டது. பழகாமல் போனது காத்திருப்பு. முட்டை எடுத்த மறுநாளிலிருந்து லேப்பிலிருந்து போன் வரும்: இத்தனை முட்டை, அதில் முதிர்ந்தது இத்தனை, சேர்ந்தது இத்தனை, ஐந்தாம் நாள் வரை வளர்ந்தது இத்தனை. ஒவ்வொரு போனிலும் எண் சிறிதாகிக்கொண்டே வரும். அது இயல்புதான் என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். தொடங்கப்போகிறவர்களுக்கு அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீலவானம்

அக்கா, அப்படியானால் என் ஏ.எம்.ஹெச். 1.2 அவசரம்தானே?

முப்பத்தெட்டு

எனக்கு அப்படித்தான் படுகிறது. கணக்குப்பிள்ளை சண்டைக்கு வருவார் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை

வந்துவிட்டேன். ஏ.எம்.ஹெச். என்பது முட்டைகளின் எண்ணிக்கையைக் காட்டும் எண். தரத்தைக் காட்டாது, தரத்துக்கு வயதுதான் அளவு. ஐ.வி.எஃப். ஊசிக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்று ஊகிக்க அது நன்றாக உதவும். இயற்கையாக மாதத்துக்கு ஒரு முட்டைதானே வேண்டும்? 2017இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 30லிருந்து 44 வயது வரையுள்ள பெண்களில் ஏ.எம்.ஹெச். குறைந்தவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இயற்கையாகக் கரு தங்கும் வேகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. அவர்கள் புதிதாக முயற்சி தொடங்கியவர்கள், நீலவானம் ஒரு வருடம் கடந்தவர், அந்த வித்தியாசத்தை மறைக்க மாட்டேன். ஆனாலும் 33 வயதில் 1.2 என்ற ஒரே எண்ணை வைத்து அடுத்த மாதமே தொடங்கு என்பது அதிகப்படி.

நீங்கள் வயது பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. 38இல் நானும் காத்திருக்கச் சொல்ல மாட்டேன்.

சினைமொட்டு

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு பி.சி.ஓ.எஸ்., அதாவது நீர்க்கட்டிப் பிரச்சினை, வயது 28. பீரியட்ஸ் இரண்டு மாதம், மூன்று மாதம் தள்ளித்தான் வரும். நானும் ஒரு வருடம் இயற்கையாக முயன்றுவிட்டுத்தான் டாக்டரிடம் போக வேண்டுமா?

இரண்டாம்கோடு

வேண்டாம்மா. முட்டை எப்போது வெளிவருகிறது, வெளிவருகிறதா என்றே தெரியாதபோது ஒரு வருடம் காத்திருந்து என்ன ஆகப்போகிறது? உங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் முட்டையை வெளியே வரவைக்கும் மாத்திரைதான். 2014இல் வந்த ஒரு பெரிய ஆய்வில் பி.சி.ஓ.எஸ். பெண்களுக்கு லெட்ரோசோல், குளோமிஃபீன் என்ற இரண்டு மாத்திரைகளையும் ஒப்பிட்டார்கள். ஐந்து சுற்றுக்குள் குழந்தை பிறந்தது லெட்ரோசோலில் 27.5 சதவீதம், மற்றதில் 19.1. மாத்திரை, ஸ்கேனில் முட்டை வளர்ச்சி பார்ப்பது, அப்புறம் வீட்டிலேயே முயற்சி. இயற்கைக்கும் சிகிச்சைக்கும் நடுவில் இப்படி ஒரு படி இருப்பதையே பலர் சொல்வதில்லை. எடை அதிகமாக இருந்தால் கொஞ்சம் குறைந்தாலே சிலருக்குச் சுழற்சி தானாக ஒழுங்காகிவிடும். தைராய்டும் புரோலாக்டின் என்ற ஹார்மோனும் பார்த்துவிடுங்கள்.

பச்சைமூலிகை

பி.சி.ஓ.எஸ்.க்கு என்னிடம் ஒரு சூரணம் இருக்கிறது, மூன்று மாதத்தில்

நடத்துநர்

மேலே உள்ள பதிவின் மீதியை நீக்கியிருக்கிறேன். இந்த இழையில் மருந்து விற்பனையும் அளவு சொல்வதும் வேண்டாம். எல்லோருக்கும் பொதுவாக ஒன்று: முயற்சி செய்துகொண்டிருப்பவர்கள் எந்த மருத்துவ முறையானாலும் தாங்கள் எடுப்பதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலத்தை, கரு தங்கும்வரை காத்திருக்காமல் இப்போதே தொடங்கலாம் என்பது மட்டும் எங்கும் மாறாத அறிவுரை. சிலருக்கு அதைவிட அதிக அளவு தேவைப்படும், அதை டாக்டர் சொல்வார்.

வெண்மேகம்

நான் வேறு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். சில வருடங்கள் சிகிச்சை எடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டோம். குழந்தை இல்லை. நன்றாகத்தான் இருக்கிறோம், இந்த வரியை நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம்.

நீலவானத்திடம் ஒன்றுதான் கேட்க நினைத்தேன். எப்போது தொடங்குவது என்று இருவரும் பேசுகிறீர்கள், எதுவரை போவது என்றும் பேசினீர்களா? ஒரு சுற்று தோற்றதும் "அடுத்த முறை மருந்தை மாற்றிப் பார்ப்போம்" என்பார்கள். அது பொய்யாக இருக்காது, உண்மையிலேயே மாற்றிப் பார்க்கலாம்தான். அதனாலேயே நிறுத்துவது கஷ்டம். தோற்ற அன்று உட்கார்ந்து இந்த முடிவை எடுக்க முடியாது. எந்தச் சிகிச்சை வரைக்கும் சம்மதம், கடன் வாங்கும் அளவுக்குப் போவதா, தானமாக வந்த முட்டையோ அணுவோ என்றால் இருவருக்கும் ஒப்புதலா, தத்தெடுப்பது பற்றி மனதில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் தொடங்கும் முன்பே பேசினோம். அவருக்கும் எனக்கும் பதில் ஒன்றாக இல்லை. ஒன்றாக இல்லை என்று முன்னாலேயே தெரிந்திருந்தது பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

நீலவானம்

வெண்மேகம், நீங்கள் எழுதியதை அவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பேசினோம். அவர் பயம் ஊசியைப் பற்றியே இல்லையாம். பரிசோதனையில் தன் பக்கம் ஏதாவது வந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதானாம். அதைத்தான் "ஆறு மாதம் பார்ப்போம்" என்று சொல்லியிருக்கிறார். லேப்காரன் எழுதியதை அவரே படித்தார். "கப் கொடுத்துவிடுகிறேன்" என்கிறார்.

குழாய் பரிசோதனை வலிக்குமா? ஹெச்.எஸ்.ஜி. என்றாலே ஆளாளுக்குப் பயமுறுத்துகிறார்கள்.

இரண்டாம்கோடு

வலி ஆளுக்கு ஆள் மாறும். எனக்குப் பீரியட்ஸ் முதல் நாள் வலியின் உச்சத்தை ஒரே நிமிடத்தில் சுருக்கிக் கொடுத்தது போல இருந்தது. படுக்கவைத்து மெல்லிய குழாய் வழியாக மருந்து ஏற்றுவார்கள். பக்கத்துத் திரையில் முதலில் முக்கோணமாகக் கருப்பை தெரியும், அப்புறம் இரண்டு பக்கமும் நூல் மாதிரி இழுத்துக்கொண்டு போய், ஓரத்தில் புகை போலப் பரவும். பரவினால் குழாய் திறந்திருக்கிறது. பீரியட்ஸ் முடிந்த கையோடு, முட்டை வெளிவரும் முன்னால் எடுப்பார்கள். முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள்.

கணக்குப்பிள்ளை

அந்தப் பரிசோதனையில் ஒரு கூடுதல் லாபமும் உண்டு. எண்ணெய் கலந்த மருந்தையும் நீர் கலந்த மருந்தையும் ஒப்பிட்டு 2017இல் நெதர்லாந்திலிருந்து ஓர் ஆய்வு வந்தது. அடுத்த ஆறு மாதத்தில் கரு தங்கி வளர்ந்தது எண்ணெய் மருந்தில் ஏறக்குறைய 40 சதவீதம், நீர் மருந்தில் 29. எல்லோருக்கும் எண்ணெய் மருந்து பொருந்தாது, தைராய்டு பிரச்சினை இருந்தால் குறிப்பாக யோசிப்பார்கள். ஆனால் எதைப் பயன்படுத்துகிறீர்கள் என்று கேட்பதில் தப்பில்லை.

நீலவானம்

எல்லாம் வந்துவிட்டது. அவர் ரிப்போர்ட் நன்றாக இருக்கிறது, எண்ணிக்கையும் ஓட்டமும் வரம்புக்கு நல்ல மேலே. எனக்கு இரண்டு குழாயும் திறந்திருக்கின்றன. முட்டை வெளிவருவது உறுதியானது, கணக்குப்பிள்ளை சொன்ன மாதிரி 18ஆம் நாள் வாக்கில்தான். தைராய்டும் சரி. இந்த முறை வேறொரு டாக்டர். எத்தனை சதவீதம் என்று கேட்டதும் சிரித்தார், ஆனால் உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொன்னார். 30க்கு மேலேதான் வருகிறதாம்.

அதனால் இப்போதைக்குச் சிகிச்சை இல்லை. இந்தத் தடவை நாட்களைச் சரியாகப் பார்த்து ஆறு மாதம் முயற்சி, அது முடியும் தேதிக்கு இப்போதே டாக்டரிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கிவிட்டோம். நிற்காவிட்டால் அன்றைக்கு மறுபடி "பார்ப்போமா" என்ற பேச்சு கிடையாது, மாத்திரையோடு ஐ.யு.ஐ., மூன்று சுற்று வரை. அதற்கு மேல் ஐ.வி.எஃப். பற்றி இருவரும் இன்னும் ஒரே கருத்துக்கு வரவில்லை, அது தெரிந்தே இருக்கிறது.

முப்பத்தெட்டு

என்னிடம் கேட்டால் ஆறை நான்காக்குவேன். 2023இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதலும் காரணம் தெரியாதவர்களுக்கு முதல் சிகிச்சையாக மருந்தோடு ஐ.யு.ஐ.யைத்தான் சொல்கிறது. ஆனால் தேதி குறித்துவிட்டீர்கள், அது பெரிய விஷயம். ஒரே பயம், அந்தத் தேதி வரும்போது வீட்டில் ஏதாவது கல்யாணம், வேலையில் ஏதாவது நெருக்கடி என்று தள்ளிப்போகும். தள்ளாதீர்கள்.

லேப்காரன்

ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும், ஹெச்.எஸ்.ஜி. படமும் சேர்த்து. இடம் மாறினால் இல்லாத ரிப்போர்ட்டுக்காக மறுபடி எடுக்கச் சொல்வார்கள்.

தூரத்துவெளிச்சம்

இழை முழுக்கப் படித்தேன். எங்களுக்கும் இதே வயது, இதே ஒரு வருடம். நாங்களும் நீலவானம் மாதிரி ஆறு மாதம் காத்திருக்கலாம் என்று முடிவெடுத்துவிட்டோம். ஆனால் கணவருக்கு எண்ணிக்கை 3 மில்லியன் என்று வந்திருக்கிறது, ஓட்டமும் குறைவு.

கணக்குப்பிள்ளை

நில்லுங்கள். இந்த இழையில் நான் சொன்ன எந்தக் கணக்கும் உங்களுக்குப் பொருந்தாது. அதெல்லாம் அணு ரிப்போர்ட் ஓரளவு சரியாக இருப்பவர்களுக்கு. மறுபடி ஒரு முறை எடுத்தீர்களா? ஆண்களுக்கான சிறப்பு டாக்டரைப் பார்த்தாரா? வெரிகோசீல், அதாவது விரைப்பையில் ரத்தக்குழாய் வீக்கம், இருக்கிறதா என்று பரிசோதித்தார்களா, ஹார்மோன் பார்த்தார்களா? காரணம் கிடைத்தால் சிலருக்கு அதைச் சரிசெய்யவே முடியும். ரிப்போர்ட் விவரத்தோடு தனியாக ஓர் இழை தொடங்குங்கள், லேப்காரனும் அங்கே வருவார்.

லேப்காரன்

வருகிறேன். எத்தனை நாள் இடைவெளியில் எடுத்தார், முழுவதும் கப்பில் விழுந்ததா, சமீபத்தில் காய்ச்சல் ஏதாவது வந்ததா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.